ஊசி தின்கிற மலை

கோபுர நிலையம்
அக்டோபர் 9

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? குளிர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அது வலித்துக் காட்டுமே.

ஜீப்பில் ஐந்து மணி நேரம் ஏற வேண்டியிருந்தது. உச்சியில் தொலைபேசிப் பேச்சைக் கடத்தும் ஒரு சிக்னல் கோபுரமும் அதன் அடியில் தகரக் கூரை போட்ட மூன்று அறைகளும் இருக்கின்றன. ஒன்றில் ஜெனரேட்டர், ஒன்றில் சமையல், ஒன்றில் நாங்கள். நாங்கள் என்றால் நானும் சமையல்காரரும் மட்டும்தான். முப்பது வருடம் பஸ் டெப்போவில் எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவனுக்கு இந்த ஜெனரேட்டர் ஒரு பொருட்டே இல்லை. காலையில் எண்ணெய் பார்த்து, மாலையில் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கே உள்ள தொலைபேசியில் ஜெனரேட்டரைப் பற்றித் தவிர வேறு பேசக்கூடாதாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாமான் ஏற்றிக்கொண்டு ஜீப் வரும், கடிதங்களும் அதில்தான் வந்து போகும்.

நான் புறப்பட்ட அன்று நீ வாசலுக்கு வரவில்லை. தப்பு என்னுடையதுதான். ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உன்னிடம் சொன்னேன். முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்பதை இப்போது விட்டுவிடுவோம்.

பதில் போடு. நாலு வரி போதும்.

உன்
வீட்டுக்காரர்


கோபுர நிலையம்
நவம்பர் 6

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், வேறு வழியில்லை. ஜீப் இரண்டு முறை வந்து போயிற்று. எனக்கென்று இறங்கியது ஒரு பீப்பாய் டீசல்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். எனக்காக நீ பின்னிக்கொண்டிருந்த சாம்பல் நிற சாக்ஸை, நான் வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று கூடைக்குள் விட்டெறிந்தாய் அல்லவா? அதை ஊசியோடும் நூலோடும் எடுத்து வந்துவிட்டேன். கணுக்காலுக்கு மேலே உள்ள பகுதியும் குதிகாலும் முடித்திருந்தாய். பாதம்தான் பாக்கி. சாதாரணப் பின்னல் எனக்குத் தெரியும். நீ கையை உடைத்துக்கொண்ட வருடம் யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு மப்ளரின் பின்பாதியை நான்தானே முடித்துக் கொடுத்தேன். ஆகவே மீதியை நானே பின்னலாம் என்று உட்கார்ந்தேன்.

அதில் ஒரு தொல்லை. ஜெனரேட்டர் அறையில் தரை முழுவதும் இரும்புக் கம்பி வலை. ஐந்து ஊசியில் ஒன்று கைநழுவி அந்த வலை வழியாகக் கீழே பள்ளத்தில் விழுந்துவிட்டது. நாலு ஊசியை வைத்துக்கொண்டு வட்டமாகப் பின்ன முடியுமா? முடியாது என்றால் எல்லாவற்றையும் அவிழ்த்து, அந்த நூலில் டீசல் குழாயைச் சுற்றிக் கட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். நல்ல கெட்டி நூல்.

உன்
வீட்டுக்காரர்


கம்பளி நூல் கடை
நவம்பர் 21

கோபுரக் காவலாளிக்கு,

இங்கே சௌகரியம். அங்கேயும் சௌகரியம் என்று நீங்களே எழுதிவிட்டதால் நான் விசாரிக்கவில்லை.

அந்த நூலை டீசல் குழாயில் சுற்றினால் இந்த ஜென்மத்தில் உங்களுக்கு நான் எழுத மாட்டேன். சாக்ஸைக் காணோம் என்று ஒன்றரை மாதமாகப் பூனையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.

நாலு ஊசி தாராளமாகப் போதும். ஊசிகளில் ஏறியிருக்கும் நூல் வளையங்கள், அதாவது கண்ணிகள், மொத்தம் நாற்பத்தெட்டு. இதுவரை நாலு ஊசியில் பன்னிரண்டு பன்னிரண்டாக இருந்தன, ஐந்தாவது ஊசி பின்னியது. இனி மூன்று ஊசியில் பதினாறு பதினாறாகப் பிரித்து முக்கோணம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது பின்னட்டும். ஒரு ஊசி முடிந்ததும் காலியாகிறதே, அடுத்த பக்கத்தைப் பின்ன அதுதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு ஊசியை விட்டு அடுத்த ஊசிக்குப் போகும் மூலையில், முதல் கண்ணியைப் பின்னியதும் நூலை இழுத்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் தளர்ந்து, மேலிருந்து கீழ்வரை ஏணிப்படி மாதிரி ஒரு கோடு விழும். எத்தனை மூலையோ அத்தனை ஏணி. ஏணி விழுந்த சாக்ஸை நான் கடையில் வைப்பதில்லை.

பின்னலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதலாம். வேறு எதைப் பற்றியும் எழுத வேண்டாம், பதில் வராது.

இப்படிக்கு,
கடைக்காரி


கோபுர நிலையம்
டிசம்பர் 5

அன்புள்ள கடைக்காரிக்கு,

உன் கடிதம் வந்த அன்று சமையல்காரர் என்னிடம், "என்னண்ணே, மூஞ்சில நூறு வாட்ஸ் பல்பு எரியுது, ஊர்ல எதாவது விசேஷமா?" என்று கேட்டார். சாக்ஸுக்கு வழி கிடைத்துவிட்டது என்றேன். சாக்ஸுக்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை அவர் பார்த்ததில்லையாம்.

உத்தரவுப்படி பின்னலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முக்கோணம் அழகாக வந்தது. மூலைகளை இறுக்கினேன். அதற்குள் அடுத்த சோதனை வந்துவிட்டது. உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்கச் சமையல்காரர் ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு போனார். குத்திப் பார்த்தவர் அதைத் தோலோடு சேர்த்துப் பின்பக்கச் சரிவில் வீசிவிட்டார். போய்த் தேடினேன். முழங்கால்வரை பனி. ஆக, மூன்றுதான் மிச்சம்.

மூன்றில் முடியுமா?

இது பின்னலைப் பற்றியது இல்லை, ஆனாலும் எழுதுகிறேன், நீ படிக்காமல் தாண்டிவிடு. மலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து இந்தப் பக்கத்துக்கு யார் யாரோ பேசுகிற பேச்செல்லாம் என் தலைக்கு மேலே உள்ள கோபுரம் வழியாகத்தான் போகிறதாம். சாப்பிட்டாயா, எப்போது வருவாய் என்றெல்லாம் கேட்டுக்கொள்வார்கள். அத்தனை பேச்சுக்கும் அடியில் உட்கார்ந்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
காவலாளி


கம்பளி நூல் கடை
ஜனவரி 3

காவலாளிக்கு,

மணிக்கட்டு பரவாயில்லை. நீங்கள் முதல் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள், இப்போதுதான் பதில் சொல்லத் தோன்றியது. உங்களுக்கு அங்கே நெஞ்சுச் சளி கட்டாமல் இருக்க வேண்டும். வெந்நீர் குடிக்கிறீர்களா?

அந்த மலையில் ஊசி தின்கிற பிராணி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கட்டிப்போடுங்கள்.

மூன்றிலும் முடியும், ஆனால் கை வலிக்கும். கண்ணிகளை இருபத்துநாலு இருபத்துநாலாக இரண்டு ஊசியில் பிரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். மூன்றாவது ஊசி முன்பக்கத்தைப் பின்னி முடித்ததும் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்தைப் பின்ன வேண்டும். இப்போது மூலை இரண்டே இரண்டு. ஆனால் இழுவை முழுவதும் அந்த இரண்டு இடத்தில்தான் விழும். எஃகு ஊசி வளையாது, கண்ணிதான் வளைந்து கொடுக்க வேண்டும். ஒரே மூச்சில் பின்ன வேண்டாம். நாலு சுற்றுக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

கடையில் பள்ளி ஸ்வெட்டர் வேலை முடிந்தது. நீங்கள் ஒரே ராக்கில் அடுக்கி வைத்துவிட்டுப் போன சிவப்பு நூல் கட்டுகளைச் சாயம் போட்ட லாட் நம்பர் பார்த்துப் பிரிக்க எனக்கும் பக்கத்து வீட்டு நர்ஸுக்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. சிவப்பு என்றால் சிவப்புதானே என்று கேட்டவர் நீங்கள். ஒரு ஸ்வெட்டருக்கு உடம்பு ஒரு சிவப்பிலும் கை வேறு சிவப்பிலும் வந்து, நான் ராப்பகலாக அவிழ்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். இது குத்திக்காட்டுவது இல்லை. ராக்கைப் பார்த்ததும் நினைவு வந்தது, அவ்வளவுதான்.

வாசல் மணி மறுபடி ஒட்டிக்கொண்டு அடிக்கிறது. நீங்கள் அதை எப்படிச் சரி செய்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
கடைக்காரி


கோபுர நிலையம்
பிப்ரவரி 11

அன்புள்ள கடைக்காரிக்கு,

வெந்நீர் குடிக்கிறேன். நீ கேட்டுவிட்டாய் என்பதால் இப்போது இரண்டு வேளையும் குடிக்கிறேன்.

வாசல் மணிக்கு: மூடியைக் கழற்று, உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், அதில் தூசி சேர்ந்தால் ஒட்டும். பழைய டூத் பிரஷால் துடை. எண்ணெய் விடாதே.

பாதி பாதம் வந்துவிட்டது. அவசரப்படாமல் பின்னுகிறேன். எட்டு சுற்றுப் பின்னினால் ஆறு சுற்றை அவிழ்க்கிறேன், உனக்குப் பிடிக்கிற மாதிரி வர வேண்டும் என்று. மூன்று ஊசி கொஞ்சம் முரண்டுதான். ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் நாலு இடத்திலும் நூலை மறக்காமல் இறுக்குகிறேன். என் பெருவிரலில் காய்ப்பே வந்துவிட்டது.

முந்தாநாள் அடுப்பு பர்னரில் ஓட்டை அடைத்துக்கொண்டது. குத்தி எடுக்கக் கையில் கிடைத்தது ஊசிதான். சூட்டில் வளைந்து கொக்கி மாதிரி ஆகிவிட்டது. ஆக, இரண்டு. நீ திட்டுவாய் என்று தெரியும். திட்டி எழுது, பரவாயில்லை. நீளமாகவே திட்டு.

இரண்டே ஊசியில் வட்டமாகப் பின்ன முடியாது என்றுதான் நினைக்கிறேன். சமையல்காரரும் அப்படித்தான் சொல்கிறார், அவருக்குப் பின்னல் தெரியாது என்றாலும்.

ஜீப் வருகிற செவ்வாய்க்கிழமைகளில் காலையிலேயே முகச்சவரம் செய்துகொள்கிறேன். கடிதத்துக்கு என் முகம் தெரியாது, எனக்கும் அது தெரியும்.

உன்
காவலாளி


கம்பளி நூல் கடை
மார்ச் 19

உங்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நர்ஸ் இரத்த அழுத்தம் பார்த்தாள், சரியாக இருக்கிறதாம். நீங்களும் கீழே வரும் ஜீப்பில் ஒருமுறை இறங்கி டாக்டரிடம் காட்டிவிட்டுப் போகலாம்.

மணி இப்போது ஒழுங்காக அடிக்கிறது. டூத் பிரஷ் உங்களுடையது.

இரண்டு ஊசியில் முடியும். எனக்குத் தெரிந்ததில் இதுதான் விசித்திரமான வழி. கடையில் நடத்தும் பின்னல் வகுப்பில்கூட இதைக் கடைசி நாளில்தான் சொல்லித் தருவேன். முன்பக்கக் கண்ணி ஒன்று, பின்பக்கக் கண்ணி ஒன்று என்று மாற்றி மாற்றி நாற்பத்தெட்டையும் ஒரே ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கண்ணியைப் பின்னுங்கள். நூலை முன்னால் கொண்டுவந்து அடுத்த கண்ணியைப் பின்னாமல் அப்படியே தாண்டவிடுங்கள். நூலைப் பின்னால் தள்ளி, அடுத்ததைப் பின்னுங்கள். கடைசிவரை இப்படியே. திருப்பிப் பிடித்து வரும்போது, போனமுறை தாண்டியவற்றைப் பின்னுவீர்கள், பின்னியவற்றைத் தாண்டுவீர்கள். போய்த் திரும்பினால் ஒரு சுற்று.

பார்க்கத் தட்டையாக, ஒரே துணி மாதிரி இருக்கும். ஊசியை உருவினால்தான் தெரியும், உள்ளே இரண்டு பக்கமும் ஒட்டாமல் பையாக இருக்கிறது என்று. ஊசிகளுக்கு நடுவே இடைவெளியே இல்லாததால் ஏணி விழவே விழாது. ஆனால் ஓரிடத்தில் நூலை முன்னால் கொண்டுவர மறந்தாலும் போதும், அந்த இடத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கால் நுழையாது.

விரல் நுனி வந்ததும் சுற்றுக்கு நாலு கண்ணி வீதம் குறைத்துக்கொண்டு போங்கள்.

பின்னலைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னது நான்தான். அதை நானே மீறுகிறேன். ஏன் சொல்லாமல் கையெழுத்துப் போட்டீர்கள்? இருபத்தெட்டு வருடத்தில் ஒரு சட்டை எடுப்பதென்றால்கூட என்னைக் கூட்டிக்கொண்டு போன மனிதர் நீங்கள். ஒரு வருடத்துக்கு ஊரை விட்டுப் போவதைச் சட்டென்று முடிவு செய்தீர்கள், எல்லாம் முடிந்த பிறகு வந்துதான் என்னிடம் சொன்னீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இதையே நினைக்கிறேன். என்னோடு இருக்கப் பிடிக்கவில்லையா? அப்படி என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

கடைக்காரி


கோபுர நிலையம்
ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. உன்னுடையதும் அப்படியே இருக்கட்டும். நீ நேராகக் கேட்டுவிட்டாய், நானும் நேராகவே சொல்கிறேன்.

அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் தகராறு நடந்த வாரம். நீ கடையில் நர்ஸோடு உட்கார்ந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாய். நான் பின்கட்டில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். நான் வெளியே போயிருக்கிறேன் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. நீ சொன்னாய், "இந்த மனுஷன் ரிட்டையர் ஆனதுல இருந்து வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது. எங்கயாவது ஒரு வேலைக்குப் போய்த் தொலைஞ்சா தேவலை."

நீ கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். களைத்துப்போய், மெதுவாகச் சொன்னாய்.

குழாயை இறுக்கிவிட்டுப் பின்பக்க வழியாகவே வெளியே போய்விட்டேன். பார்க் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது சரிதான் என்று எனக்கே தோன்றியது. டெப்போவில் நாற்பது பேரை வேலை வாங்கிய பழக்கம், உன் கடையில் வந்து மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தேன். உன் ராக்கை அடுக்கினேன், உன் ஊசிக்கெல்லாம் எண்ணெய் போட்டேன், உன் வாடிக்கையாளரிடம் எனக்குத் தெரியாததையெல்லாம் பேசினேன். நாலாம் நாள் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முதலில் உன்னிடம் சொல்லியிருந்தால் நீ போக வேண்டாம் என்று சொல்லியிருப்பாய், மரியாதைக்காக. அந்த மரியாதையைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

பிடிக்காமல் வரவில்லை. பிடித்ததால்தான் தூரமாக வந்தேன். இதைச் சொல்லாமலே வருடத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தேன், கேட்டுவிட்டாய்.

இரண்டு ஊசி வழி புரிந்தது. முயற்சி செய்கிறேன்.

உன்
வீட்டுக்காரர்


கோபுர நிலையம்
ஜூன் 11

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

சுகமாக இருக்கிறாயா? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. ஐந்து ஜீப் வந்து போய்விட்டது. கடைசி ஜீப்பில் டிரைவர் இறங்கும்போதே கையை விரித்துக் காட்டிவிட்டார், நான் கிட்டப்போய்க் கேட்கக்கூட இல்லை.

அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. வாஷரோடு சேர்த்து அதையும் அங்கேயே விட்டிருக்க வேண்டும். உன்னைக் குற்றவாளியாக நிறுத்த எழுதவில்லை. நீ கேட்டதற்குப் பதில் வேறு இருக்கவில்லை, பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

பனி எல்லாம் கரைந்து, சரிவில் புல் வந்துவிட்டது. இந்த ஜீப்பில் அலுவலகத்தில் இருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. இன்னும் ஒரு வருடம் இருக்க விருப்பமா என்று கேட்கிறார்கள். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். இந்தமுறை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொல்கிறேன், பார்த்துக்கொள்.

வெந்நீர் குடிக்கிறேன்.

உன்
வீட்டுக்காரர்


கோபுர நிலையம்
ஜூலை 23

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம் விசாரித்து விசாரித்து எனக்கே வார்த்தை தேய்ந்துவிட்டது. நன்றாக இரு.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. சாக்ஸ் முடிந்தது. கடைசியில் இரண்டு ஊசியிலேயே முடித்துவிட்டேன். ஒன்றைப் பின்னி ஒன்றைத் தாண்டி, நீ சொன்ன மாதிரியே. உள்ளே கை விட்டுப் பார்த்தேன், எங்கும் ஒட்டவில்லை. சமையல்காரர் தன் காலில் போட்டுப் பார்க்கக் கேட்டார், கொடுக்கவில்லை. உன் கண்ணுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று வைத்திருந்தேன். குறை இருந்தால் சொல். குறை மட்டும்கூடச் சொல்.

நேற்று மிச்சமிருந்த இரண்டில் ஒன்று ஜன்னலில் இருந்து விழுந்துவிட்டது. கீழே பாறை இடுக்கு, கை நுழையாது. ஆக, இப்போது என்னிடம் ஒரே ஒரு ஊசி இருக்கிறது.

ஒரே ஊசியில் வட்டமாகப் பின்ன ஏதாவது வழி உண்டா? இருந்தால் எழுது. எவ்வளவு கஷ்டமான வழியாக இருந்தாலும் சரி, நான் கற்றுக்கொள்கிறேன். ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி ஜீப் வரும். அதில் ஒன்றும் வராவிட்டால், வழி இல்லை என்று புரிந்துகொள்வேன். படிவத்தை அதே ஜீப்பில் கொடுத்தனுப்பிவிடுவேன். உன்மேல் ஒரு வருத்தமும் இருக்காது.

உன்
வீட்டுக்காரர்


வீடு
ஆகஸ்ட் 14

என்னங்க,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனாலும் நன்றாக இல்லை.

ஏப்ரல் கடிதத்துக்கு நாலு தரம் பதில் எழுதினேன், நாலையும் கிழித்தேன். முதலில், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று எழுதினேன். சொன்னேன். அடுத்ததில், அது உங்களைப் பற்றி இல்லை என்று எழுதினேன். உங்களைப் பற்றித்தான். மூன்றாவதில், ஒளிந்திருந்து கேட்டதற்கு உங்களைத் திட்டினேன். உங்கள் வீட்டுக் குழாய்க்கு நீங்கள் வாஷர் மாற்றியதற்குப் பெயர் ஒளிந்திருப்பதா? நாலாவதில் மன்னிப்பு மட்டும் எழுதினேன். படித்துப் பார்த்தால் கடை ரசீது மாதிரி இருந்தது. நர்ஸ்தான் சொன்னாள், "அவருக்கு மன்னிப்பு வேணாம்க்கா, நிஜத்தை எழுதுங்க."

நிஜம் இதுதான். எனக்கு அப்போது மூச்சு முட்டியது உண்மை. ஒரு நிமிஷம் தனியாக இருக்க மாட்டோமா என்று இருந்தது. நீங்கள் போன பிறகு வீடு முழுக்க இடம். ராக் அடுக்கியபடி இருக்கிறது, கத்தரி வைத்த இடத்தில் இருக்கிறது, யாரும் எதையும் தொடுவதில்லை. பத்து மாதம் இந்த இடத்தை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டேன். எனக்கு வேண்டாம்.

இனி சாக்ஸைப் பற்றி. குறை மட்டும்கூடச் சொல் என்று கேட்டிருந்தீர்கள்.

பொட்டலத்தைப் பிரித்ததும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். குதிகாலுக்கு மேலே என் பின்னல், கீழே உங்களுடையது. நீங்கள் எழுதிய கதைப்படி பார்த்தால் முதலில் மூன்று ஏணி இருக்க வேண்டும். பிறகு இரண்டு. விரல் பக்கம் வரும்போது ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டு ஊசிப் பின்னலில் ஏணி விழாது என்று எழுதியிருந்தேனே. உங்கள் சாக்ஸில் குதிகாலில் இருந்து விரல் நுனி வரை நாலு ஏணி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. ஐந்து ஊசியில் பின்னினால் மட்டும்தான் நாலு ஏணி விழும்.

ஒரு ஊசிகூடத் தொலையவில்லை. பள்ளம், உருளைக்கிழங்கு, பர்னர், பாறை இடுக்கு எல்லாம் என் காதில் சுற்றிய பூ. பிப்ரவரியிலேயே எனக்குச் சந்தேகம்தான். மூன்று ஊசியில் இரண்டு மூலைதான் உண்டு, நீங்கள் நாலு இடத்தில் இறுக்குகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். எப்போதும் உங்களுக்குப் பொய்யை முழுதாகச் சொல்ல வராது.

ஆனால் உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு முகமில்லை. என் கடையில் டப்பா டப்பாவாக ஊசி இருக்கிறது. முதல் ஊசி தொலைந்தது என்று நீங்கள் எழுதிய அன்றே ஒரு புதுக் கட்டைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கலாம். அதோடு விஷயம் முடிந்திருக்கும். நான் அனுப்பவில்லை. அனுப்பு என்று நீங்களும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அனுப்பியிருந்தால் நீங்கள் எதைக் கேட்டு அடுத்த கடிதம் எழுதுவீர்கள்? ஊசி குறையக் குறைய எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இரண்டுக்கு வந்தபோதுதான் பயம் வந்தது, இதற்குமேல் தொலைக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்று.

ஒரே ஊசியில் வழி உண்டா என்று கேட்டீர்கள். உங்களிடம் இருப்பது போன்ற நேர் ஊசி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பின்ன முடியாது. அதற்கு வேறு ஊசி. இரண்டு முனையும் ஊசியாக இருக்கும், நடுவில் நீளமாக ஒரு வளையும் கயிறு. பாதிக் கண்ணிகள் முனையில் பின்னப்படும்போது மறு பாதி கயிற்றில் நகர்ந்து காத்திருக்கும். நடுவில் கயிற்றை இழுத்து வெளியே ஒரு வளையம் விட வேண்டும். எங்கே இழுப்பது, எவ்வளவு இழுப்பது, எப்போது திருப்புவது என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடலாம். எழுத மாட்டேன். நேரில் வந்தால் காட்டுகிறேன்.

அந்த ஊசியில்தான் உங்கள் சாக்ஸுக்கு ஜோடியைப் பின்னிக்கொண்டிருக்கிறேன். ஏப்ரலில் கடிதம் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்த நாட்களில் ஆரம்பித்தது. கணுக்கால்வரை முடிந்து, குதிகாலும் வளைத்தாயிற்று. பாதத்துக்கு அளவு வேண்டும். நீங்கள் அனுப்பியதை வைத்து அளக்க முடியாது, ஏணி விழுந்த பின்னல் இழுத்த பக்கமெல்லாம் நீளும். நிஜக் கால் வேண்டும்.

பின்கட்டு அறையைக் காலி செய்துவிட்டேன். உங்கள் ஸ்பேனர்களைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன், ஒன்றிரண்டு வரிசை தப்பியிருக்கும். நர்ஸ் வீட்டு மிக்சி, மாடியில் இருப்பவரின் ஃபேன், எல்லாம் உங்களுக்காக வந்து காத்துக் கிடக்கின்றன. கடைக்குள்ளும் வரலாம், பேசலாம். ராக்கைத் தொட்டால் மட்டும் நான் கத்துவேன். கத்தினால் என் முன்னாலேயே நின்று கேளுங்கள், பின்பக்க வழியாகப் போகாதீர்கள்.

அந்தப் படிவத்தை வைத்து ஜெனரேட்டரைத் துடைத்துவிடுங்கள். ஐந்து ஊசியையும் எண்ணி எடுத்து வாருங்கள், நாலு வந்தால் விசாரணை உண்டு. ஜீப் கீழே எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று உடனே எழுதுங்கள்.

இந்தமுறை வாசலில் நிற்பேன்.

உங்கள்
வீட்டுக்காரி